நாத்தனாருக்கு எடுத்து வைத்த கூடை

மீன் நாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் அவள் படிக்கவே ஆரம்பித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு எங்காவது கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகத்தில், ஏசி காற்றில் உட்கார்ந்துவிடலாம் என்பது திட்டம். விதி சும்மா விடுமா? கல்லூரிக் கடைசி வருஷத்தில் யாரோ ஒருவர் வந்து, கடலில் எத்தனை மீன் இருக்கிறது என்பதைக் கடலுக்குள் இறங்காமலே கணக்குப் போடலாம் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு விழுந்தவள்தான். மேற்படிப்புக்கு மீன்வள அறிவியல், அதற்கும் மேலே ஆராய்ச்சி. தப்பித்து ஓடியவள் ஊரைச் சுற்றிக்கொண்டு அதே துறைமுகத்துக்கு, அதே ஈரத் தரைக்கு, கையில் கத்தியோடு வந்து உட்கார்ந்தாள். போதாக்குறைக்கு அது அவளுடைய அண்ணன் தன் படகைக் கட்டிவைக்கிற துறைமுகம்.

துறைமுகம் அவளுக்கு வைத்த பெயர் தலைவெட்டி.

மீனின் மண்டைக்குள் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு ஜோடிக் கல் இருக்கிறது. காதுக்கல் என்பார்கள். மரத்தின் தண்டில் வளையம் விழுகிற மாதிரி அதில் வருஷத்துக்கு ஒரு வளையம் விழும். கல்லை எடுத்து, மெல்லிசாக அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால் மீனுக்கு என்ன வயது என்று தெரிந்துவிடும். பிடிபட்ட மீன்களில் கிழடுகள் நிறைய இருந்தால், வலைக்குத் தப்பி நிறைய மீன் வாழ்கிறது, கவலையில்லை. எல்லாம் குஞ்சும் குட்டியுமாக இருந்தால், வளரவிடாமல் வழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். விஷயம் இவ்வளவுதான். இதற்குத்தான் அவள் தலை வெட்டினாள். இதற்குத்தான் துறைமுகம் அவளைக் கரித்துக்கொட்டியது. ஏனென்றால் குஞ்சுதான் அதிகம் என்று அவள் எழுதிவிட்டால், சங்கரா மீன் கிடைக்கிற திட்டை, யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று மூடிவிடுவார்கள். கடலுக்கடியில் மேடாக எழும்பி நிற்கிற அந்தத் திட்டை நம்பித்தான் பாதிப் படகுகள் ஓடின. அண்ணன் படகும் அதில் ஒன்று.

"வந்துட்டாடா தலைவெட்டி. மீனுக்கு வயசு பாக்கறாளாம்."

"அப்படியே ஜாதகமும் எழுதிக் குடும்மா. நல்ல இடமா பாத்துக் கட்டிக் குடுத்துருவோம்."

சிரிப்புக்குக் குறைச்சலில்லை. தலை போன மீனை ஏலத்தில் யார் எடுப்பார்கள் என்று தரகர்கள் எரிந்து விழுந்தார்கள். விலையைக் கல்லூரி கொடுத்துவிடும் என்று அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. ஐஸ் உடைக்கிறவன் அவள் வருகிற நேரம் பார்த்துத்தான் தண்ணீரை வாரி ஊற்றுவான். அண்ணன் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டான். சொந்தத் தங்கை எதிரில் நின்றால் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பான், ஏற்கெனவே போட்ட முடிச்சுக்கு மேலேயே.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அவள் படித்த படிப்பு முழுக்க அந்த ஒரு பழமொழிதான். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஒரு சோற்றைப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. அதற்காக அவள் ஒரு துணிப்பையில் எண் எழுதிய வில்லைகள் வைத்திருந்தாள். திட்டிலிருந்து வந்து இறங்குகிற பெட்டிகளுக்கு எண் போட்டு, பையில் கைவிட்டு ஒரு வில்லையை எடுத்து, அந்த எண் பெட்டியைக் கவிழ்த்து, வருவது வருகிறபடி ஒரு கூடை அள்ள வேண்டும். சின்னது பெரியது பார்க்கக் கூடாது, அழுகல் நசுங்கல் பார்க்கக் கூடாது. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. மூன்றாவது முறை அவள் குலுக்கியபோது படகுக்காரன் ஒருவன் பையைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தான். "பம்பர் பரிசு யாருக்கும்மா?" என்று கேட்டுவிட்டு எறிந்தான். வில்லைகள் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தன. அண்ணன் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அவள் செய்ததுதான் தப்பு. நேராகப் போய் அண்ணியிடம் நின்றாள்.

அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். துறைமுகத்தில் மீனைத் தரம் பிரிக்கிற மேசைகளில் பெரிய மேசை அண்ணியுடையது. அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அண்ணிக்கு ஒரே வயிற்றெரிச்சல்: 'நான் விடிய விடிய மீன் அள்ளறேன், இவ புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு ஈ ஓட்டறா.' அதைப் பேசாமல் மனசுக்குள் வைத்துக்கொள்கிற பழக்கமும் அண்ணிக்குக் கிடையாது. தட்டை வைக்கும்போது சொல்வாள், தட்டை எடுக்கும்போதும் சொல்வாள்.

"வாரத்துக்கு ஒரு கூடை வேணும் அண்ணி. திட்டு மீன். எந்தப் பெட்டியா இருந்தாலும் சரி, வர்றது வர்றபடி போடுங்க. பொறுக்க வேண்டாம்."

"ம்" என்றாள் அண்ணி, தலையை நிமிர்த்தாமல்.

அந்த 'ம்'மை நம்பி ஒன்றரை வருஷம் ஓடியது. வாரா வாரம் கூடை ஆய்வுக்கூடத்துக்கு வண்டியில் வந்து சேர்ந்தது, ஈரத்துணி போர்த்தி, அடியில் ஐஸ் போட்டு. இனிமேல் அந்தத் துறைமுகத்தில் போய் நின்று வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. வெட்டினாள், அறுத்தாள், தேய்த்தாள், எண்ணினாள். முதல் வாரக் கூடையில் மட்டும் பொடி மீனாகக் கிடந்தது. மற்ற வாரங்களோடு அது ஒட்டவே இல்லை. ஆரம்பக் கோளாறு என்று அதைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டாள்.

வரைபடம் வந்தது. திட்டில் கிழட்டுச் சங்கராக்கள் கொழித்துக் கிடந்தன.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சல்லடை. அவர் கையில் கொடுத்தது எதுவும் முழுசாகத் திரும்பி வந்ததில்லை. திட்டு காலியாகிக்கொண்டிருக்கிறது என்று பத்து மேடையில் பேசியவர் அவர். வரைபடத்தைக் கையில் வாங்கியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னது இது? மீன் கூட்டமா, முதியோர் இல்லமா?"

"கல்லுல இருந்ததைத்தான் எண்ணினேன் சார். ரெண்டாவது ஆளும் எண்ணியிருக்காரு, மீன் எவ்வளவு நீளம், எங்க பிடிச்சதுன்னு எதுவுமே தெரியாம. ரெண்டு பேர் எண்ணினதும் ஒத்துப்போகுது."

"எண்ணினது சரியா இருக்கலாம். மீன் யார் வீட்டு மீன்?"

அவளுக்குப் புரியவில்லை.

"உன் அண்ணன் படகு ஓடணும். அதுக்கு மீனுக்கு வயசாகணும். அழகா ஆயிருக்கு. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு சும்மாவா சொன்னாங்க? துறைமுகத்துலேருந்து ஆள் எடுக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன். யாரு கேட்டா?"

அடுத்த மேசைகளில் நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டு நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் காது ரெண்டும் எரிந்தது. தலைவெட்டி என்று துறைமுகம் சொன்னபோதுகூட இப்படி வலித்ததில்லை. அங்கே படித்தவள் என்று வெறுத்தார்கள். இங்கே மீன்காரி என்று வெறுத்தார்கள். எங்கே போனாலும் அவள் அந்தப் பக்கத்து ஆள்தான்.

"என் கணக்குல தப்பு இருந்தா சொல்லுங்க சார். என் வீட்டை இழுக்காதீங்க."

"அப்ப ஆலோசனைக் கூட்டத்துல நீயே பேசு. கிழிஞ்சா உன் பேரு கிழியட்டும்."

அந்தக் கூட்டத்தில்தான் திட்டை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். செய்தி எப்படியோ துறைமுகத்துக்குப் போய்விட்டது: தலைவெட்டியின் கணக்கில் மீன் நிறைய இருக்கிறதாம். அன்றைக்கு அண்ணன் சாப்பிடும்போது முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பி, "என்ன படிக்கற இப்ப?" என்று கேட்டான். இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியைப் பாருங்கள். இருந்தாலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை, காதுக்கல்லிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணி மட்டும், "சோறு ஆறுது, கல்லு கதையை அப்புறம் அளக்கலாம்" என்றாள்.

சல்லடையின் வாயை அடைக்க ஒரே வழி, கூடை எப்படி நிரம்புகிறது என்று படம் பிடித்து மேடையில் காட்டிவிடுவது. யாரும் பொறுக்கவில்லை, பாருங்கள் என்று முகத்தில் அறைந்த மாதிரி காட்ட வேண்டும். கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில், யாரிடமும் சொல்லாமல், கைப்பேசியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். ஐஸ் உடைக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் நின்றாள்.

திட்டிலிருந்து வந்த பெட்டிகள் மேசையில் கவிழ்ந்தன. மற்றவர்கள் விற்பனைக்குப் பிரிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அண்ணி ஒரு கூடையை இழுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். குவியலுக்குள் கையை விட்டு ஒரு மீனை எடுத்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள், கண்ணை அமுக்கிப் பார்த்தாள், வயிற்றைத் தடவினாள். பிடிக்கவில்லை, குவியலிலேயே எறிந்தாள். இன்னொன்று, அதுவும் சின்னது, எறிந்தாள். முழங்கை நீளத்துக்கு ஒன்று வந்தது. அதைத் தண்ணீரில் அலசிக் கூடையில் வைத்தாள். அப்படியே இன்னொன்று, இன்னொன்று. பக்கத்து மேசைக்குக் கையை நீட்டி அங்கிருந்தும் கொழுத்ததாக ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

கைப்பேசி படம் பிடித்துக்கொண்டே இருந்தது. அவள் இயந்திரத்தின் மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

"அண்ணி!"

"ஏன் கத்தற? இன்னும் நிரம்பல. நில்லு."

"என்ன பண்றீங்க?"

"கண்ணு தெரியலையா? உனக்கு மீன் எடுக்கறேன்."

"வர்றது வர்றபடி போடுங்கன்னுதானே சொன்னேன்? பொறுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. வர்றது வர்றபடி போட்டா எது வரும்னு பாக்கறியா? பாரு." அண்ணி குவியலை இரண்டு கையாலும் அகட்டிக் காட்டினாள். பொடி. எல்லாம் பொடி. கை விரல் நீளத்துக்கு, வாலும் கண்ணுமாக, இன்னும் ஒரு வளையம்கூடச் சரியாக விழுந்திருக்காத குஞ்சுகள். "இதையா உனக்குக் குடுப்பேன்?"

"அண்ணன் சொன்னானா? திட்டை மூடிடுவாங்கன்னு பெரிசா பொறுக்கிப் போடச் சொன்னானா?"

அண்ணி கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். மேசையைச் சுற்றி எல்லாக் கைகளும் நின்றன.

"உங்கண்ணனுக்கு உன் கூடையைப் பத்தி யோசிக்கறதுதான் வேலையா? முதல் வாரம் நீ சொன்னபடியேதான் போட்டேன். போட்டதும் பக்கத்து மேசைக்காரி கேக்கறா, 'என்னடி, நாத்தனாருக்குக் கழிவையா தள்ளிவிடற?'ன்னு. மாமியார் இல்லாத வீடு. நாத்தனாரை இவ வச்சிருக்கற லட்சணத்தைப் பாருன்னு நாலு பேர் பேசணும், அதை நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா? வெளியாளுக்கு எதை வேணாலும் போடுவேன். வீட்டு மீனை முதல்ல எடுத்து வச்சிட்டுத்தான் இங்க எவளும் மேசையில கை வைப்பா. அது நல்ல மீனாத்தான் இருக்கணும். உனக்குத் தெரியாதா? இந்தத் துறைமுகத்துலதானே பொறந்த?"

"அது தின்னறதுக்கு இல்ல அண்ணி! தலையை வெட்டறதுக்கு!"

"நீ வெட்டு, புதை, என்னமோ பண்ணு. என் கையிலேருந்து போறது நல்லதா போகும். உன்னை எனக்குப் பிடிக்காது, அது ஊருக்கே தெரியும். அதுக்காக மட்டமான மீனைக் குடுக்க முடியுமா?"

அண்ணி செய்ததில் சூது இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். கோபப்படலாம், சண்டை போடலாம், கூடையை எட்டி உதைக்கலாம். கௌரவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒன்றரை வருஷம் அவள் எண்ணியது கடலை இல்லை. ஒரு மருமகளின் மானத்தைத்தான் வளையம் வளையமாக எண்ணிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்ன ஒரே கூடை முதல் வாரக் கூடை. அதை அவளே தூக்கி எறிந்திருந்தாள்.

கூட்டம் ஒரு பெரிய அறையில் நடந்தது. மேடையில் துறை இயக்குநரும் சல்லடையும். எதிரே நாற்காலிகளில் படகுக்காரர்கள், தரகர்கள், பின்வரிசையில் மேசைப் பெண்கள். அண்ணன் சவரம் செய்துகொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான். பையைத் தண்ணீரில் எறிந்தவன்கூட அவள் நடந்து வர வழிவிட்டு ஒதுங்கினான்.

வாயை மூடிக்கொண்டால் போதும். திட்டு திறந்திருக்கும், அண்ணன் பேசுவான், சல்லடை வாயடைத்துப் போவார், பட்டம் வரும். நியாயம் அவளைப் பேசவைத்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அவளைப் பேசவைத்தது பயம். அந்தக் குவியல் கண்ணைவிட்டுப் போகவில்லை. குஞ்சுகளையே அள்ளிக்கொண்டிருந்தால் இன்னும் சில வருஷத்தில் அண்ணன் அந்தத் திட்டின் மேல் வலையை இழுத்து வெறும் கல்லைத்தான் ஏற்றுவான். அப்போது இந்த வரைபடம் அவள் பெயரில் எங்காவது தொங்கிக்கொண்டிருக்கும்.

திரையில் வரைபடம் விழுந்தது. முன்வரிசை கைதட்டியது.

"இது தப்பு" என்றாள்.

கைதட்டல் நின்றது.

"மீனோட வயசு சரிதான். ஆனா மீன் பொறுக்கின மீன். கூடையில பெரிய மீனா மட்டும் வந்திருக்கு. திட்டுல கிடைக்கறது பெரும்பாலும் குஞ்சுதான். இந்தப் படத்தை வச்சு முடிவெடுக்காதீங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதைத் துறைமுகம் அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. அறை முழுக்கக் கத்தியது. அண்ணன் மட்டும் கத்தவில்லை. சல்லடை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நான்தான் சொன்னேனே. வீட்டு மீன்."

"நீங்க சொன்னது அது இல்ல சார். நான் ஏமாத்தறேன்னு சொன்னீங்க. நான் ஏமாத்தல. கூடையை எப்படி நிரப்பறாங்கன்னு நான் போய்ப் பாக்கல. அங்க போய் நிக்க எனக்குப் பிடிக்கல, அதனால போகல. அது என் தப்பு. என் பேர்லயே எழுதிக்கங்க."

"நிரப்பினது யாரும்மா?" என்றார் இயக்குநர்.

"அது எதுக்கு சார்? தப்பு என்னோடது."

"பதிவுல வரணும். யாரு?"

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"நான்தான்" என்றாள் அண்ணி. "எங்க வீட்டுப் பொண்ணுக்கு நல்ல மீனா எடுத்துக் குடுத்தேன். அதுல என்ன குத்தம்?"

சபை சிரித்தது. மேடையில் சிரித்தார்கள், கீழே சிரித்தார்கள், அண்ணியின் மேசையில் வேலை செய்கிறவர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "விஞ்ஞானத்துக்குச் சீர்வரிசை!" என்று சல்லடை மைக்கிலேயே சொன்னார். "நடிப்பைப் பாரு, திட்டம் போட்டுச் செஞ்சுட்டு" என்று யாரோ ஒருவன் கத்தினான். அந்தத் துறைமுகத்தில் யாருக்கும் தலைகுனியாத பொம்பளை, எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். பேராசிரியரையோ, கத்தியவனையோ அண்ணி பார்க்கவில்லை. நாத்தனாரைத்தான் பார்த்தாள்.

திட்டை மூடுவதென்று முடிவாயிற்று, அடுத்த மாதத்திலிருந்து. அதற்குள் புதிதாக மாதிரி எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு.

வீட்டில் அண்ணன் ஒரே ஒரு வாக்கியம் பேசினான். "அவ ஒருத்தர் முன்னாலயும் அப்படி நின்னு நான் பாத்ததில்ல." அதோடு சரி.

"அண்ணி, எனக்கு அப்படி ஆகும்னு தெரியாது" என்று அவள் அடுக்களை வாசலில் போய் நின்றாள். அண்ணி குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. அண்ணி திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் புதுப் பையில் புது வில்லைகளோடு துறைமுகத்துக்குப் போனாள். அவள் வருவதைப் பார்த்ததும் பெட்டிகளின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். ஜாதகம் கேட்க ஆளில்லை. ஒருவன் அவள் கால் பக்கமாகத் துப்பினான். ஐஸ்காரன் தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஒவ்வொரு படகாகக் கேட்டுக்கொண்டு போய்க் கடைசியில் பெரிய மேசையின் முன்னால் நின்றாள். வேறு போக்கிடம் இல்லை.

"வாங்க மேடம்" என்றாள் அண்ணி.

அவள் வில்லைப் பையை எடுத்தாள்.

"என்ன வேணும் மேடம்? குலுக்கணுமா? குலுக்குங்க."

கையைப் பைக்குள் விட்டு ஒரு வில்லையை எடுத்தாள். அந்த எண்ணுள்ள பெட்டியை அண்ணி காலால் தள்ளிவிட்டாள். பெட்டி ஈரத் தரையில் வழுக்கி வந்து அவள் காலில் முட்டியது. பொடி, நசுங்கல், குடல் பிதுங்கியது, நடுவில் ஒன்றிரண்டு பெரியது. அலசவில்லை, துணி போர்த்தவில்லை. காலடியில் அண்ணி எப்போதும் வைத்திருக்கிற வீட்டுக் கூடை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

"நல்லா பாத்துக்கங்க. ஒண்ணுகூட நான் தொடல. ரோட்டுல போற எவளோ ஒருத்திக்கு எப்படிக் குடுப்பேனோ அப்படித்தான் குடுத்திருக்கேன். கணக்கு சரியா வருமில்ல?"

"வரும் அண்ணி" என்றாள்.

அண்ணி அதற்குள் அடுத்த பெட்டிக்குத் திரும்பிவிட்டாள்.

ஒன்றரை வருஷமாக அவளுக்குத் தேவைப்பட்டது இந்தப் பெட்டிதான். இதைவிடச் சுத்தமான மாதிரி எந்த ஆராய்ச்சிக்கும் கிடைக்காது. அவள் தரையில் உட்கார்ந்து, கத்தியை எடுத்து, அழுதுகொண்டே முதல் தலையை வெட்டினாள்.